மட்டத்தின் இடப்பக்கம்

அவரை எல்லோரும் மட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்து, குழாய்க்குள் குமிழி எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார். விருந்தாளியாகப் போன இடத்திலும் கண்ணாலேயே அளந்துவிட்டு, "அந்த மூலையில தண்ணி நிக்குமே" என்று சொல்லி மனைவியிடம் முழங்கை இடி வாங்குவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. "கேக்கிறவங்க மட்டமான ஆளுன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்று மனைவி குறைப்பட்டால், "வேலைக்கு மட்டம் போடாதவன்னு நெனச்சுக்கட்டும்" என்பார்.

மனைவியும் அவரோடு அதே வேலைக்குத்தான் போனாள். கலவை கலப்பது, டைல்ஸை எடுத்துக் கொடுப்பது, பதித்து முடித்த பிறகு இடுக்குகளில் பூச்சு அடைத்துத் துடைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவர் பதித்த வரிசையைப் பின்னால் நின்று பார்த்து ஏதாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளை எஞ்சினியரம்மா என்று அழைப்பார். வேலையில் கேலி, வீட்டிலும் கேலி. கல்லூரியில் படிக்கிற ஒரே மகள், "உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டா கூட்டம் வரும்" என்பாள்.

அந்தக் கேலி குறைந்துபோனதைத்தான் மனைவி முதலில் கவனித்தாள். நாற்பத்தைந்து வயது மனுஷன், வேலையை முடித்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் சாய்ந்துவிடுவார். இடுப்பில் பெல்ட் நிற்கவில்லை. ஆணியைச் சுட்டுப் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். சாயங்காலமானால் மேல் லேசாகச் சுடும். விரல் மூட்டெல்லாம் வலிக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பதித்துவிட்டு எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திரும்பப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

தெருமுனை கிளினிக் டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் அவருடைய தொழிலே பதில் சொல்லிவிட்டது. மூச்சு வாங்குகிறதா, டைல்ஸ் வெட்டும் தூசி. மூட்டு வலியா, வாழ்க்கை முழுக்கக் குத்துக்கால். உடம்பு இளைக்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடாதது. தலைச்சுற்றலா, காதுக்குள் ஏதோ கோளாறு. ரத்தம் ஊற மாத்திரையும் காதுக்குச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, சுற்றல் தீரவில்லை.

ஒருநாள் பெரிய வீடொன்றின் கூடத்தில் வேலை. வீட்டுக்காரர் கல்லைக் காட்டி ஏதோ கேட்க, பதில் சொல்ல எழுந்தவர் அப்படியே மடங்கி, அடுக்கி வைத்திருந்த டைல்ஸ் மேல் விழுந்தார். சில நொடிகளில் கண்ணைத் திறந்துவிட்டார். வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "காலையிலேயே ஏத்திட்டு வந்தாச்சா?" என்று கேட்டார்.

"அவர் குடிக்கிறதே இல்லைங்க" என்றாள் மனைவி.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தாம்மா சொல்றாங்க. ஒடஞ்ச கல்ல எடுத்து வச்சுட்டுக் கிளம்புங்க. வேற ஆள வச்சுக்கறேன்."

வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர். பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, "வாய ஊதிக் காமிச்சிருக்கணும், எனக்குத் தோணாம போச்சு" என்றார். கேலி மாதிரிதான் சொன்னார்.

அதன் பிறகு அவர் எழுந்து நிற்பதையே தள்ளிப்போட ஆரம்பித்தார். ஒரு வரிசை முடிந்தால் எழாமல், உட்கார்ந்தபடியே நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போவார். மனைவி தன் முழங்காலுக்குக் கட்டும் ரப்பர் பட்டையை அவருக்குக் கொடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம், "இந்த வேலை முடியட்டும்" என்பார். ஒரு வேலை முடிவதற்குள் அடுத்த வேலை வந்துவிடும்.

அந்த நாள் ஒரு புதுக் கட்டடத்தின் மேல்மாடிக் குளியலறையில் விடிந்தது. இன்னும் லிஃப்ட் பொருத்தாத கட்டடம். கீழே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தாள் மனைவி. இருவரும் குடித்தார்கள். அவர் உள்ளே பதிக்கப் போனார், அவள் வெளியே பூச்சுக்கலவை கலக்கினாள். கொஞ்ச நேரம் ரப்பர் சுத்தியலின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"எஞ்சினியரம்மா, முடிஞ்சுது. வந்து அடை" என்றார்.

இவ்வளவு சீக்கிரமா என்று எட்டிப் பார்த்தாள். குளியலறைத் தரையில் வலது பாதி மட்டும் கச்சிதமாகப் பதித்திருந்தது. நூல் பிடித்தாற்போல் நடுவில் ஒரு கோடு. அதற்கு இடதுபுறம் முழுக்க வெறும் சிமெண்ட். அவர் அந்தக் கோட்டருகே உட்கார்ந்து, வேலை முடித்த திருப்தியோடு வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விளையாடாதீங்க. பாதி அப்படியே கெடக்கு."

"எந்தப் பாதி?"

அவர் கேலி செய்கிறார் என்றே நினைத்தாள். அவர் முகத்தைத் திருப்பியபோதுதான் இடதுபக்க உதடு தொங்கியிருப்பது தெரிந்தது. இடது கை கலவைச் சட்டிக்குள் கிடந்தது. அது அங்கே கிடப்பது அவருக்குத் தெரியவே இல்லை.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

வலது கையைத் தூக்கினார்.

"ரெண்டும்."

"தூக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார், சலிப்போடு.

அதே மாடியில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் அவள் கத்திய சத்தத்துக்கு ஓடிவந்து, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டால் கட்டி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறக்கினார்கள். "என்ன எதுக்கு ஊர்வலம் விடறீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். கீழே வருவதற்கும் ஆம்புலன்ஸ் வருவதற்கும் சரியாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூளை டாக்டர் ஒரு பெண்மணி. முதலில் கேட்ட கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

"டீ குடிக்கறப்ப. டம்ளர இடது கையிலதான் பிடிச்சிருந்தார்" என்றாள் மனைவி.

"நல்ல வேளை, உடனே கொண்டுவந்தீங்க."

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலதுபக்கத்துக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. தொடை வழியாக மெல்லிய கம்பியை மேலே செலுத்தி அடைப்பை வெளியே இழுக்க வேண்டும் என்றார்கள். அவள் சம்மதம் சொன்னாள். மகள் கல்லூரியிலிருந்து ஓடிவந்து சேர்வதற்குள் அது முடிந்திருந்தது.

டாக்டர் வெளியே வந்து மாஸ்க்கை இறக்கினார். "குழாய் திறந்துருச்சு. ஆனா அதுக்குள்ள மூளையில ஒரு பகுதி அடிபட்டுப் போச்சும்மா. எவ்வளவு திரும்ப வரும்னு போகப் போகத்தான் தெரியும்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "உங்க வீட்டுக்காரருக்கு சுகர், பிரஷர் எதுவுமில்ல. சிகரெட்டும் இல்லங்கறீங்க. அப்புறம், நாங்க வெளிய எடுத்தது சாதாரண ரத்தக்கட்டி மாதிரி இல்ல. ரத்தக்கட்டின்னா கருஞ்சிவப்பா இருக்கும். இது வெளுப்பா, கொழகொழன்னு இருக்கு. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன். இதயத்தையும் பார்த்துடணும்."

மறுநாள் இதய ஸ்கேன் எடுக்கிற அறைக்குள் மனைவியையும் அழைத்தார்கள். இருட்டான சின்ன அறை. கருவியை மார்பில் அழுத்திக்கொண்டிருந்த இளைஞர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு, போனை எடுத்து யாரையோ வரச் சொன்னார். மூளை டாக்டரும் அவருக்குப் பின்னால் இதய அறுவை டாக்டரும் வந்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓர் உருண்டை அதன் வழியே கீழே குதித்து, மூடும்போது மேலே போயிற்று.

"அதுதான்" என்றார் அறுவை டாக்டர், விரலால் தொட்டுக் காட்டி. வயதானவர், மெல்லப் பேசுகிறவர். "இதயத்துல இடது பக்க மேலறைக்குள்ள ஒரு சதைக்கட்டி. காம்பு வச்சுச் சுவத்துல ஒட்டிட்டுத் தொங்குது. ரொம்ப அபூர்வம்மா. நாங்களே வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பார்த்தா அதிகம்."

"கேன்சரா டாக்டர்?"

"இல்லன்னுதான் நெனக்கிறேன். சாதுவான கட்டி, இருக்கிற இடம்தான் பொல்லாதது. ஜெல்லி மாதிரி இருக்கிறதால துணுக்கு துணுக்கா பிஞ்சு ரத்தத்தோட போகும். ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருச்சு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்திரிச்சு நின்னா கண்ண இருட்டுதுன்னு சொல்லிட்டே இருந்தாரு. படுத்தா சரியாயிடும்."

"சரியாத்தான் சொல்லியிருக்கார். நின்னா கட்டி கீழ இறங்கி, கீழறைக்குப் போற கதவ அடைக்கும். படுத்தா விலகிக்கும். இளைச்சுப் போனாரா? காய்ச்சல், மூட்டுவலி இருந்துச்சா? அதுவும் இதாலதான்."

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. அந்தக் கூடத்தில் உடைந்த டைல்ஸ் நடுவே அவர் எழுந்து உட்கார்ந்ததும், வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்ததும்தான் கண்ணுக்குள் வந்து நின்றன. நெஞ்சுக்குள் இவ்வளவு பெரிய ஒன்று குதித்துக்கொண்டிருக்க, மனுஷன் தலைகுனிந்து உடைந்த கல்லைப் பொறுக்கினாரே என்று நினைத்தாள். வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கட்டியை எடுத்தாக வேண்டும் என்பதில் இரண்டு டாக்டர்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எப்போது என்பதில்தான் முட்டிக்கொண்டது. அறுவை டாக்டர் உடனே எடுக்க வேண்டும் என்றார். உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் இன்னொரு துணுக்கு பிய்ந்துபோகலாம். மூளை டாக்டர் பொறுக்க வேண்டும் என்றார். அறுவையின்போது இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை நன்றாக இளக்கித்தான் எந்திரத்தில் ஓட விடுவார்கள். மூளையில் அடிபட்ட இடம் இன்னும் பச்சைப் புண். அதில் ரத்தம் கசிந்தால் ஆளே மிஞ்ச மாட்டார். கடைசியில் சில நாள் பார்த்து, மறுபடி ஸ்கேன் எடுத்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நிறுத்தினார்கள். குடும்பத்தின் எண்ணம் என்ன என்றும் கேட்டார்கள்.

குடும்பம் என்றால் மனைவி, மகள், பிறகு அவருடைய அக்கா. ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறவர். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். செய்தி கேட்டு அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிய புடவையோடு வந்திருந்தார்.

"அறுக்கவே வேண்டாம்" என்றார் அக்கா. "மூளையில ஒருதரம் கம்பி விட்டாச்சு. இப்ப நெஞ்சையும் பொளக்கணுமா? மருந்துல கரையாதா?"

"கரையாதாம் அண்ணி."

"டாக்டருங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. நீ என்னத்த முடிவு பண்ணப் போற?"

அவரிடமே கேட்கலாம் என்றால், அங்கேதான் பெரிய சிக்கல். மட்டத்தைப் பொறுத்தவரை அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. பேச்சு தெளிவாக இருந்தது. ஆட்களை அடையாளம் தெரிந்தது. ஆனால் உலகத்தின் இடதுபக்கம் அவருக்கு இல்லாமல் போயிருந்தது. இடதுபுறம் நின்று பேசினால் வலதுபுறம் தேடினார். தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இந்த ஆஸ்பத்திரியில அளந்து அளந்து போடறான்" என்று குறை சொன்னார். மனைவி தட்டைத் திருப்பி வைத்தால், "இப்பத்தான் கொண்டுவந்தானா?" என்று மீதியைச் சாப்பிட்டார். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள்.

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லு. பாத்ரூம் பூச்சு பாக்கி" என்று தினமும் நச்சரித்தார்.

"இடது கை அசையுதா பாருங்க" என்றால், "அசையுதே" என்பார்.

ஒருநாள் அக்கா அவருடைய செயலற்ற இடது கையை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். மனைவி அதை மெல்ல வலதுபுறமாகத் தூக்கிக் காட்டி, "இது யார் கைன்னு சொல்லுங்க" என்றாள்.

அவர் உற்றுப் பார்த்தார். "அக்கா கை" என்றார். "ஏன்க்கா, கைய இங்க வச்சுட்டு அடுப்ப யாரு பாக்கறா?"

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு அறுவை வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதை விட்டுவிட்டார். வேண்டும் என்றும் சொல்லவில்லை.

காத்திருந்த அந்த நாட்களில் மனைவி பயந்தது இருமலுக்கு. அவர் இருமினாலும் தும்மினாலும் நெஞ்சுக்குள் தொங்குகிற அது பிய்ந்துவிடுமோ என்று எழுந்து நின்றுவிடுவாள். திரும்பிப் படுத்தால் பயம், சிரித்தால் பயம். அவர் கேலி பேசும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, பேசாமல் இருக்கமாட்டாரா என்று வேண்டிக்கொண்டாள்.

மறு ஸ்கேனுக்கு முந்தைய நாள் மத்தியானம் போர்வையை உதறி மடிக்கும்போது அவருடைய இடது பாதம் அவள் புறங்கையில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. வலது பாதத்தைத் தொட்டாள். வெதுவெதுப்பு. மறுபடி இடது பாதம். முழங்காலுக்குக் கீழே வெளிறி, விரல்கள் நீலம் பாரித்திருந்தன. எவ்வளவு நேரமாகவோ அப்படி இருந்திருக்கிறது. வேறொருவராக இருந்தால் வலியில் வார்டையே எழுப்பியிருப்பார். இவருக்குத்தான் அந்தக் கால் தன்னுடையது என்றே தெரியாதே. பத்திரிகையின் வலதுபக்கத்தை மட்டும் படித்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தார்.

நர்ஸ் வந்து பாதத்தில் விரல் வைத்துத் துடிப்பைத் தேடிப் பார்த்துவிட்டு ஓடினார். அறுவை டாக்டர் மாடியிலிருந்து படியிலேயே இறங்கி வந்தார்.

"இன்னொரு துணுக்கு. இந்தத் தடவை காலுக்குப் போயிருக்கு" என்றார். "இனி காத்திருக்கிறதுல அர்த்தமில்லம்மா. கால் அடைப்பையும் நெஞ்சுக் கட்டியையும் ஒரே நேரத்துல எடுத்துடறேன். மூளையில கசியறதுக்கு வாய்ப்பிருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா விட்டா அடுத்தது எங்க போகும்னு யாராலயும் சொல்ல முடியாது."

மூளை டாக்டரும் வந்து பார்த்தார். சில நொடிகள் அந்தப் பாதத்தையே பார்த்துவிட்டு, "சார் சொல்றதுதான் சரி" என்றார்.

மனைவி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் முகம் கல்லாக இருந்தது.

"அவனுக்கு ஏதாவது ஆச்சு, உன்ன நான் மன்னிக்கவே மாட்டேன்" என்றார்.

"சரி அண்ணி. மன்னிக்க வேண்டாம். ஆனா வந்து என் பக்கத்துல உக்காருங்க."

அக்கா வந்து உட்கார்ந்தார்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது மட்டம், "எங்க கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்டார். "நெஞ்சுக்குள்ள ஒரு கட்டி இருக்கு, அத எடுக்கப் போறாங்க" என்றாள் அவள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அவங்க எடுக்கட்டும். நீ போய்ச் சாப்பிடு" என்றார். அது அவருக்குப் புரிந்து சொன்னதா, பழக்கத்தில் சொன்னதா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அறுவை முடிந்து டாக்டர் வந்தபோது அவருடைய முன்தலையில் தொப்பியின் தடம் பதிந்திருந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது. அது ஒட்டியிருந்த சுவரையும் கொஞ்சம் வெட்டியெடுத்து ஒட்டுப் போட்டாயிற்று. கால் பிழைத்துவிட்டது. மூளை விஷயம், கண் விழித்தால்தான் தெரியும். போனில் ஒரு படத்தைக் காட்டினார். பச்சைத் துணி மேல், அரைவேக்காட்டு முட்டை மாதிரி பளபளவென்று ஒன்று. "இதுவா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி. போயும் போயும் இதுவா ஒரு மனுஷனை இப்படிப் புரட்டிப் போட்டது என்று தோன்றியது. அக்கா அதைப் பார்க்க மறுத்துவிட்டார்.

அவர் உடனே விழிக்கவில்லை. மூளையில் லேசாகக் கசிந்திருந்தது. மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். பிறகு மருந்தை நிறுத்தியும் தூங்கினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பெண்களும் ஒருவரோடொருவர் பேசாமல், ஒரே பாட்டில் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு காலைப் பொழுதில் நர்ஸ் கூப்பிட்டபோது கண் திறந்தார். தண்ணீர் கேட்டார். அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, மனைவியின் கையை வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தார். மன்னிப்பைப் பற்றிய பேச்சு அதன் பிறகு இருவருக்குள்ளும் வரவில்லை.

கட்டியைப் பரிசோதித்ததில் புற்று இல்லை என்று வந்தது. சில குடும்பங்களில் இது வழிவழியாக வருவதுண்டு என்பதால் மகளுக்கும் அக்காவுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மகள் உள்ளே இருந்த நேரம் முழுவதும் மனைவி வாசலில் நின்று செருப்பு நுனியால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒன்றுமில்லை. மகள் வெளியே வந்ததும், "எனக்கு இதயம் இருக்காம்மா, உறுதியாயிடுச்சு" என்றாள். அப்பனைப் போலவே பேச்சு. மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

உயிரோடு வீட்டுக்கு வந்தார். அதைச் சொல்லித்தான் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மகிழ்ந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் மீதி தெரியும். கால் தேறி, தடியில்லாமல் நடந்தார். கையும் ஓரளவு வந்தது. ஆனால் இடதுபக்கம் வரவில்லை. முகத்தில் பாதிக்கு மட்டும் சவரம் செய்துகொண்டு வெளியே கிளம்புவார். கதவு நிலையில் இடது தோள் மோதி மோதிக் கன்றிப்போயிற்று. மகள் மேசையின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டினாள். "சிவப்பு தெரியற வரைக்கும் தலையத் திருப்புங்கப்பா" என்று பழக்கினாள். திருப்பினால் பார்த்தார். திருப்ப வேண்டும் என்பதுதான் ஞாபகம் வராது. முன்பு எதற்கும் கேலி பேசியவர் இப்போது எதற்கும் எரிந்து விழுந்தார். சட்டையை யாரோ ஒளித்து வைத்துவிட்டார்கள் என்பார். அது அவருக்கு இடதுபுறம் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வீடு நடக்க வேண்டுமே. அவர்களுக்கு வழக்கமாக வேலை பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரியைப் பார்த்து, மனைவி தனக்கே வேலை கேட்டாள். இத்தனை வருஷம் பின்னால் நின்று குறை சொன்னவளுக்குப் பதிக்கவும் தெரிந்திருந்தது. மேஸ்திரி முதலில் சின்ன வேலையாகக் கொடுத்தார். ஒரு பால்கனி, ஒரு சமையலறை மேடை. அவள் பதித்தது மேஸ்திரிக்குப் பிடித்துப்போயிற்று.

அறுவை முடிந்து சில மாதங்கள் போயிருக்கும். ஒருநாள் மட்டமும் கூட வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு படுக்கையறை வேலை. டைல்ஸ் வெட்டும் கிரைண்டரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு கூட்டிப் போனாள். கையில் கலவை பூசும் கரணை கிடைத்ததும் அவர் முகமே மாறியது. குனிந்து உட்கார்ந்து, வலது ஓரத்திலிருந்து பழைய வேகத்தோடு ஒரு வரிசை பதித்தார். கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி பிசகவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அறையின் நடுவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"முடிஞ்சுது" என்றார்.

அவள் திருத்தவில்லை. பேசவும் இல்லை. அந்த மௌனம்தான் அவருக்கு எதையோ சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு நேரம் குறை சொல்லாமல் அவள் நின்றதே இல்லை. அவர் மெல்ல வலது கையைத் தரையில் ஊன்றி, பதித்த கல்லைத் தடவிக்கொண்டே இடதுபுறமாக நகர்த்தினார். கல் முடிந்து கை சிமெண்டில் இறங்கியது. அங்கேயே நின்றது. கழுத்தை வலிந்து திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவா?" என்றார்.

"ம்."

"அன்னிக்கும் இப்படித்தானா? அந்தப் பாத்ரூம்லயும்?"

"ஆமாங்க."

கரணையைக் கீழே வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் சொன்னபோதும், மகள் டேப் ஒட்டியபோதும் உள்ளே போகாத செய்தி, விரல் வழியாக அன்றைக்குத்தான் போயிற்று. தெரியாமல் இருந்தவரைக்கும் நச்சரித்தார், கத்தினார். தெரிந்த பிறகு வாயே திறக்கவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். மூளை டாக்டர் அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார். "துணுக்கு அடிச்ச இடத்தாலயும் இருக்கலாம், துக்கத்தாலயும் இருக்கலாம். பிரிச்சுப் பார்க்க முடியாதும்மா" என்றார். மனைவி காலையில் அவருக்குச் சோறு வைத்துவிட்டு, வேலையிடத்திலிருந்து அடிக்கடி போன் செய்து, எடுக்கும்வரை காத்திருப்பாள். எடுத்தால் "ம்" என்பார். அந்த "ம்" போதும் என்று வைப்பாள்.

அறுவை முடிந்து ஒரு வருஷம் ஆனதும் மறுபடி இதய ஸ்கேனுக்குப் போக வேண்டியிருந்தது. அபூர்வமாகக் கட்டி திரும்ப முளைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். போன தடவை திரையைப் பார்த்தவள் இந்தத் தடவை பார்க்கவில்லை. ஸ்கேன் எடுக்கும் இளைஞரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேச்சை நிறுத்துகிறாரா என்று மட்டும் கவனித்தாள். அவர் நிறுத்தவில்லை. "சுத்தமா இருக்கு. அடுத்த வருஷம் வாங்க" என்றார்.

"வருஷா வருஷம் வரணுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச வருஷத்துக்கு வரணும்மா."

வெளியே வந்தார்கள். ரோட்டைக் கடக்கும்போது அவர் வலதுபுறம் மட்டும் பார்த்துக்கொண்டே ரோட்டின் நடுவைத் தாண்டிக் காலை வைத்தார். இடதுபுறமிருந்து வந்த வேன் கிறீச்சிட்டு நின்றது. அவள் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். டிரைவர் தலையை நீட்டி, "குடிச்சிருக்கியாய்யா?" என்று கத்திவிட்டுப் போனார்.

அவளுக்கு வந்ததே கோபம். வேன்மேல் வந்த கோபம் அவர்மேல் இறங்கியது. "திரும்பிப் பாருங்கன்னு எத்தன தடவ சொல்றது? நெஞ்சுல இருந்தத எடுத்துக் காப்பாத்துனது வண்டியில விட்டுக் கொல்றதுக்கா?"

அவர் திருப்பிக் கத்தவில்லை. பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மாதக்கணக்கில் ஒற்றைச் சொல்லில் பேசிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேசினார்.

"மறந்து போகலடி. அந்தப் பக்கம் எனக்கு இருட்டாத் தெரிஞ்சா, இருட்டா இருக்கேன்னு திரும்பிப் பார்ப்பேன். இருட்டும் இல்ல. ஒண்ணுமே இல்ல. இல்லாதத எப்படித் தேடறது?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பஸ் வந்து போயிற்று. இருவரும் ஏறவில்லை.

"நாளைக்கு எங்க வேலை?" என்று கேட்டார்.

"ஒரு சமையலறை."

"நானும் வரேன். பதிக்கல. கலவை கலக்கித் தரேன். சட்டிய வலது பக்கம் வச்சிரு."

"கெட்டியாக் கலக்குனா திட்டுவேன்."

"திட்டு."

மறுநாள் வந்தார். கலவை கெட்டியாகத்தான் இருந்தது. அவள் திட்டவும் செய்தாள். அதற்கடுத்த நாள் வரவில்லை. இப்படித்தான் போகிறது. சில நாள் வருகிறார், சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறார். எந்த நாள் எப்படி விடியும் என்று அவளுக்குத் தெரியாது. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டால் நிற்பாள். கேட்காவிட்டால் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக நடப்பாள்.